பாசிர் சாலாக் ஆற்றங்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது: வழி, நேரம், சாப்பாடு, சொல்ல வேண்டிய கதை

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் பெ.ஆ.ச.

வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து கேட்கிறோம். 5, 6ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 32 பேர், ஆசிரியர்கள் 5 பேர், பெற்றோர் 6 பேர், ஆக 43 பேர். 44 இருக்கை பஸ் ஒன்று. ஒரு சனிக்கிழமை, 1875இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்ட பேராக் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் சாலாக் வரலாற்று வளாகத்துக்குப் போய்வர எண்ணம்.

1. எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரி? அங்கே எவ்வளவு நேரம் வேண்டும்?
2. ஆற்றோரம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பா?
3. சைவப் பிள்ளைகள் பாதிப் பேர். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
4. விளக்கப் பலகைகள் பெரும்பாலும் மலாயில் என்கிறார்கள். நாமே கதையைச் சொல்ல வேண்டுமானால் எதை, எந்த வரிசையில் சொல்வது?
5. அதே நாளில் ஈப்போவையோ தைப்பிங்கையோ சேர்க்கலாமா?

பதில் 1: ஆத்தோரம்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். சேர்க்காதீர்கள். தைப்பிங் வேறு திசை, வேறு நாள். ஈப்போவைச் சேர்த்தால் திரும்பும்போது பிள்ளைகள் பாதி வழியில் தூங்கிவிடுவார்கள், அங்குள்ள பர்ச் நினைவு மணிக்கூண்டைப் பார்க்க எழுப்பினாலும் எழ மாட்டார்கள். கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் வழியிலேயே இருக்கிறது. 1885இல் லியோங் சூன் சோங் கட்டியது, 25.5 மீட்டர் உயரம், மேலே தண்ணீர்த் தொட்டி. திரும்பும்போது அரை மணி நேரம் போதும்.

காலை 7.30க்கு பஸ் நகர வேண்டும். "7.30க்குக் கூடுவோம்" என்று அறிக்கை அனுப்பினால் 8.15க்குத்தான் கிளம்புவீர்கள். 7.00 என்று போடுங்கள். 5ஆம் எண் சாலையில் தெலுக் இந்தான், அங்கிருந்து கம்போங் காஜா பக்கம். பஸ் வேகத்தில், வழியில் ஒரு கழிப்பறை நிறுத்தத்தோடு, ஒன்றரை மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுத்தத்தைத் தெலுக் இந்தானிலேயே முடித்துவிடுங்கள். அதைத் தாண்டினால் கம்பங்களும் (மலாய்க் கிராமங்களும்) செம்பனையும்தான்.

பலர் தவறுவது வரைபடத்தில். கைப்பேசியில் வெறுமனே "பாசிர் சாலாக்" என்று தட்டினால் அது ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் பெயரும்கூட, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும். "கொம்ப்லெக்ஸ் செஜாரா பாசிர் சாலாக்" என்று முழுப் பெயரையும் போடுங்கள். பாதை ஆற்றின் எந்தக் கரை வழியாகப் போகிறது என்பதை ஓட்டுநரோடு உட்கார்ந்து முந்தின நாளே பாருங்கள். பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாலங்கள் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. தவறான கரையில் போய் நின்றால் வளாகம் எதிரே தெரியும், போய்ச் சேர இன்னொரு மணி நேரம் ஆகும்.

உள்ளே இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் இழுத்தால் வெயில் வென்றுவிடும். 9.15 போலப் போய்ச் சேர்ந்தால் முதலில் வெளிப்புறம்: ஆற்றங்கரை, நினைவுச் சின்னங்கள். 10.15க்குப் பழைய மரவீடுகள். 11 மணிக்கு மேல் நிழலுக்குள், அதாவது காலச் சுரங்கம் என்கிற காட்சிக்கூடம். பலர் சுரங்கத்திலிருந்து தொடங்குவார்கள், நுழைவாயிலில் அதுதான் கண்ணில் படும். அப்படிச் செய்தால் உச்சி வெயிலில் ஆற்றங்கரையில் நிற்க நேரும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

போகும் வாரத்தில் வளாகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். மூன்று கேள்வி போதும்: சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பு, காட்சிக்கூடம் பழுதுபார்ப்பில் இருக்கிறதா, பள்ளிக் குழுவுக்கு வழிகாட்டி கிடைப்பாரா. சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நல்லது. வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்காக நண்பகலில் மூடியிருக்கும், உங்கள் நேரக்கணக்கு நடுவில் உடையும்.

பள்ளிப் பெயரில் போவதால் மாவட்டக் கல்வி அலுவலக அனுமதியும் பெற்றோர் கையொப்பக் கடிதமும் கட்டாயம். எத்தனை வாரம் முன்னால் மனு கொடுக்க வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் பஸ்ஸுக்கு முன்பணம் கட்டுங்கள். முறை மாறினால் முன்பணம் திரும்பாது.

ஆறு பற்றி. பார்ப்பதற்கு அசையாத மாதிரி இருக்கும். அது ஏமாற்றுத் தோற்றம், அகலமான ஆறு அமைதியாகவே இழுக்கும். கரை மண் வண்டல், மேலே காய்ந்து உள்ளே குழைந்திருக்கும், கால் வைத்தால் சறுக்கும். கீழ்ப்பேராக்கில் முதலை உண்டு, இது பயமுறுத்தல் இல்லை. விதி ஒன்றே: கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தைத் தாண்டி யாரும் இறங்கக் கூடாது, காலை நனைக்கவும் கூடாது. 8 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மீதி ஏழு பெரியவர்களில் இருவர் எப்போதும் தண்ணீர்ப் பக்கம் முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

நவம்பர், டிசம்பர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கம்பங்களில் வெள்ளம் ஏறுகிற காலம். மற்ற மாதங்களிலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் இடிமழை வரலாம். திறந்த கரையில் இடி கேட்டால் மரத்தடிக்கு ஓடாமல் நேரே பஸ்ஸுக்குள் ஏறுங்கள்.

பதில் 2: சமையல்கட்டு

சாப்பாட்டுக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே கம்பத்துக் கடைகளில் நல்ல சாப்பாடு கிடைக்கும், ஆனால் சைவம் கேட்டால் சிரமம். கீரை வதக்கினாலும் அதில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும், "டாகிங் (இறைச்சி) வேண்டாம்" என்று சொன்னால் கோழி வரும். அவர்கள் தப்பு இல்லை, நம் சைவத்துக்கு அங்கே பழக்கம் இல்லை. நோன்பு மாதமென்றால் பகலில் கடையே இருக்காது.

கட்டுச்சோறுதான் வழி. நாசி லெமாக் கட்டாதீர்கள். தேங்காய்ப்பால் சோறு காலை 5 மணிக்குக் கட்டினால் வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் 12 மணிக்கு வாடை வந்துவிடும். தேங்காய்ச் சட்னிக்கும் இதே கதி. புளிச்சோறு தாங்கும், புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து காக்கும்.

பிள்ளைக்கு 100 கிராம், பெரியவருக்கு 150 கிராம் அரிசி. 32 பேருக்கு 3.2 கிலோ, 11 பேருக்கு 1.65 கிலோ. 5 கிலோ போட்டால் சரியாக இருக்கும். புளி 600 கிராம் முதல் 700 கிராம், நல்லெண்ணெய் ஒரு லிட்டர். காய்ச்சலை (தொக்கை) முந்தின இரவே எண்ணெய் பிரியும்வரை வற்ற வைத்துவிடுங்கள், தண்ணீர் நின்றால் அதுதான் கெடும். காலையில் சோறு உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஆவி முழுக்கப் போன பிறகு கலந்து கட்டுங்கள். சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில்தான் சோறு பிசுபிசுக்கும். அவித்த முட்டை வேண்டுமென்றால் தோலோடு தனியாக வையுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், மொத்தம் 64.5 லிட்டர். அரை லிட்டர் போத்தல் 24 உள்ள பெட்டி 12 லிட்டர், ஆக 6 பெட்டி. இரண்டு பெட்டியை ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், மீதி சும்மா இருக்கட்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் பாதிப் போத்தல் திறந்தபடி பஸ்ஸில் உருளும். பெயர் எழுத மார்க்கர் பேனா எடுத்துப் போங்கள்.

பதில் 3: பழைய ஏடு

நான்காம் கேள்விக்கு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை முதலில் ஆற்றைப் பார்த்து நிற்க வையுங்கள். 1875இல் இங்கே சாலை கிடையாது. நீளத்தில் தீபகற்பத்தின் இரண்டாவது ஆறு இது, ஏறத்தாழ 400 கி.மீ. ஆறுதான் சாலை, சந்தை, சுங்கச் சாவடி எல்லாம். மேலே ஈயம் எடுத்தாலும் கீழே உப்பு வந்தாலும் படகு இந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். வளைவில் இருக்கும் தலைவர் வரி வாங்குவார். பாசிர் சாலாக்கின் டத்தோ மகாராஜா லேலா அப்படிப்பட்ட தலைவர். இதைச் சொல்லாமல் கொலையிலிருந்து கதையைத் தொடங்கினால், "ஏன் கொன்றார்கள்" என்று பிள்ளை கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

பிறகு ஒப்பந்தம். 1874 ஜனவரி 20, பங்கோர். பேராக்கில் அரியணைக்குச் சண்டை, லாருட்டில் ஈயச் சுரங்கச் சண்டை. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்றார். கைம்மாறாக ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட். மலாய் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் "ஆலோசனை" கேட்டு அதன்படி நடக்க வேண்டும். கேட்டே ஆக வேண்டியது, கேட்டபடி நடந்தே ஆக வேண்டியது என்றால் அதற்குப் பெயர் ஆலோசனையா? ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கே இது புரியும். பலகையைக் காட்டிவிட்டு இந்தக் கேள்வியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

முதல் ரெசிடெண்ட் ஜேம்ஸ் பர்ச் 1874 நவம்பரில் வந்தார். நமக்கு ஒரு ஒட்டு உண்டு: அவர் அதற்கு முன் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இலங்கையில் அதிகாரியாக இருந்தவர். அங்கே பழகிய கையை இங்கேயும் நீட்டினார். மலாய் அதிகம் தெரியாது, பொறுமை அதைவிடக் குறைவு. வரி வாங்குகிற உரிமையைத் தலைவர்களிடமிருந்து எடுத்து அரசுக் கருவூலத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார். கடன் அடிமை முறையை எதிர்த்தார், ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்தார். இந்தக் கடைசி விஷயத்தை மறைக்காதீர்கள். கடனுக்காக ஆளையே பிடித்து வைப்பது என்னவென்று தோட்டத்து வழி வந்த நம் பிள்ளைகளுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது. அவரைக் கொன்றவர்கள் மண்ணுக்காக எழுந்தவர்கள் என்பதும், அவர் எதிர்த்த வழக்கங்களில் ஒன்று கொடியது என்பதும் ஒரே சமயத்தில் உண்மை.

1875இல் ஆளுநர் மாறினார், வில்லியம் ஜெர்வாய்ஸ் வந்தார். இனி ஆலோசனை கிடையாது, சுல்தான் பெயரில் பிரிட்டிஷ் அதிகாரிகளே ஆள்வார்கள் என்று அறிவிப்பு அச்சடிக்கப்பட்டது. அதை ஊர் ஊராக ஒட்டத்தான் பர்ச் பாசிர் சாலாக்குக்குப் படகில் வந்தார்.

நவம்பர் 2 காலை. மொழிபெயர்ப்பாளர் மாட் அர்ஷாட் ஒரு சீனத் தட்டான் கடையில் அறிவிப்பை ஒட்டுகிறார். மகாராஜா லேலாவின் ஆளான பாண்டாக் இண்டுட்டும் கூட வந்தவர்களும் கிழிக்கிறார்கள். ஆற்றுத் துறையிலுள்ள குளிப்பறையில் பர்ச் குளித்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் அங்கே பாய்கிறது, ஈட்டி தட்டியின் ஊடாக உள்ளே இறங்குகிறது. செபுந்தும் என்ற பெயரை வளாகத்தில் பார்ப்பீர்கள், வெட்டியவராகச் சொல்லப்படுபவர் அவர். கூட வந்த கடற்படை லெப்டினண்ட் அபட் அந்நேரம் எதிர்க்கரையில் பறவை சுடப் போயிருந்ததால் தப்பி, குண்டுகளுக்கு நடுவே படகில் கீழ்நோக்கிப் போனார். மேலே அறிவிப்பு ஒட்டப் போயிருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், சேதி கேட்டு, இதே வளைவை இரவில் சத்தமில்லாமல் மிதந்து கடந்தார். இந்த இரண்டு படகுகளின் பாதையையும் கையால் ஆற்றில் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சண்டை இதற்குப் பிறகுதான், அதுவும் இரண்டு முறை. நவம்பர் 7: கீழே பண்டார் பாருவிலிருந்து கரையோரமாக வந்த பிரிட்டிஷ் படை, மலாய்க்காரர் கட்டியிருந்த மர அரண் முன்னால் முறிந்தது. கேப்டன் இன்னெஸ் அங்கேயே செத்தார், படை திரும்பியது. நவம்பர் 15: இந்த முறை படகுகளில் பீரங்கி ஏற்றி ஆற்று வழியாகவும் வந்தார்கள். அரண் விழுந்தது, பாசிர் சாலாக் எரிக்கப்பட்டது. எட்டு நாள் இடைவெளியில் என்ன மாறியது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விடை கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும். மரவேலி கரைப்பாதையை அடைக்கும், ஆற்றை அடைக்காது.

அதன்பின் ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படை வந்தது, கூர்க்காக்களும் சேர்த்து. வேட்டை 1876க்குள் நீண்டது. மகாராஜா லேலா அந்த ஆண்டு சரணடைந்தார். மாத்தாங்கிலுள்ள ஙா இப்ராகிம் கோட்டையில் விசாரணை. மகாராஜா லேலா, அவரோடு சேர்ந்த இன்னொரு தலைவரான டத்தோ சாகோர், பாண்டாக் இண்டுட் மூவரும் 1877 ஜனவரி 20இல் தூக்கிலிடப்பட்டார்கள், பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி சரியாக மூன்று ஆண்டு. சுல்தான் அப்துல்லா சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஊத்தான் மெலிந்தாங் பெ.ஆ.ச.

மூவருக்கும் நன்றி. ஐயா பழைய ஏடு அவர்களே, இரண்டு ஐயம். பிள்ளைகளுக்கு "பர்ச் கொலை" என்று சொல்வதா, "போராட்டம்" என்று சொல்வதா? இன்னொன்று, பாசிர் சாலாக்கிலேயே தூக்கிலிட்டார்கள் என்று ஒரு பெற்றோர் சொல்கிறார், அது சரியா?

பழைய ஏடு

தூக்கு பாசிர் சாலாக்கில் இல்லை, தைப்பிங்கில். வளாகத்தில் நினைவுச் சின்னங்களைப் பார்ப்பவர்கள் எல்லாமே இங்கேதான் நடந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இடம் மூன்று: கொலையும் சண்டையும் பாசிர் சாலாக், விசாரணை மாத்தாங், தண்டனை தைப்பிங். பர்ச்சை அடக்கம் செய்தது பண்டார் பாருவில்.

சொல்லைப் பற்றி. பள்ளிப் பாடநூல் மகாராஜா லேலாவை விடுதலை வீரர் என்கிறது, பிரிட்டிஷ் ஏடுகள் கொலையாளி என்றன. இரண்டில் ஒன்றை எடுத்துப் பிள்ளை வாயில் திணிக்க வேண்டாம். நடந்ததை வினைச்சொல்லோடு சொல்லுங்கள்: அறிவிப்பை ஒட்டினார், கிழித்தார்கள், குத்தினார்கள், எரித்தார்கள், தூக்கிலிட்டார்கள். பெயர்ச்சொல்லைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தேர்வில் மட்டும் பாடநூல் சொல்லை எழுதச் சொல்லுங்கள், அங்கே மதிப்பெண் அதற்குத்தான்!

இதற்குத் துணையாக ஈப்போ நல்ல பாடம், ஆனால் இன்னொரு பயணத்தில். 1909இல் பர்ச் நினைவாகக் கட்டிய மணிக்கூண்டு ரயில் நிலையத்துக்கு அருகே நிற்கிறது. நான்கு மூலையிலும் விசுவாசம், நீதி, பொறுமை, மனவுறுதி என்று நான்கு உருவங்கள். பொறுமை அவருக்கு எப்படிப் பொருந்தியது என்பது தனிக் கேள்வி. அந்தக் கோபுரம் நிற்கும் சாலைக்கு இப்போது பெயர் ஜாலான் டத்தோ சாகோர். பக்கத்துச் சாலைக்கு மகாராஜா லேலா. கல் ஒருவருக்கு, தெரு மற்றவருக்கு. கோலாலம்பூர் போகும் பிள்ளைகளுக்கு மகாராஜாலேலா மோனோரயில் நிலையமும் தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பின்னாளில் பேராக் ரெசிடெண்டாக இருந்த எர்னஸ்ட் பர்ச் இவருடைய மகன், இலங்கையில் பிறந்தவர். பழைய ஆவணங்களில் "பர்ச்" என்று வந்தால் ஆண்டைப் பாருங்கள். 1875க்குப் பின் என்றால் அது மகன்.

பதில் 4: கித்தா மரம்

மேலே சொன்னதோடு ஒரு கண்ணி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு இது "யாரோ ராஜா, யாரோ துரை" கதையாகத்தான் நிற்கும்.

பர்ச் போனபின் 1877இல் ஹியூ லோ ரெசிடெண்டாக வந்து கோலகங்சாரில் உட்கார்ந்தார். அதே ஆண்டு, பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அதில் ஒன்பது கோலகங்சாரில் ரெசிடென்சி அருகே நடப்பட்டன. அந்த முதல் மரங்களில் ஒன்று இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. அப்போது அது அலங்கார மரம் மாதிரிதான், பால் வெட்டுகிற முறை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி கையில் பின்னால் உருவானது. மோட்டார் வண்டி வந்து டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் காடு தோட்டமாயிற்று. உங்கள் ஊர் ஜெண்டராட்டா தோட்டம் 1906இல் தொடங்கியது. 1907இல் ஆள் கூட்டிவரும் செலவுக்கு நிதியமைப்பு வந்தது, கங்காணி வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இங்கே இறங்கின. 1938இல் இந்திய அரசு அந்த வகை ஆள் எடுப்பை நிறுத்தியது.

ஆக 1875இல் ஆற்றோரம் நடந்த சண்டையில் மகாராஜா லேலா தோற்றதால்தான் ரெசிடெண்ட் ஆட்சி நிலைத்தது, நிலைத்ததால் நிலப்பட்டா, ரயில், தோட்டம், லயம், அப்புறம் தோட்டப்பள்ளி. சங்கிலியில் வேறு கண்ணிகளும் உண்டு, ஈயம் பெரியது. ஆனாலும் "இது நமக்கு ஏன்" என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த வழி போதும். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஓடுகிற செம்பனையைக் காட்டிச் சொன்னால் ஐந்தே நிமிடம்.

பதில் 5: தஞ்சோங் மாலிம் வாசி

போர்க்களம்தான் வேண்டுமென்றால் சிலிம் ரீவரைப் பார்க்கலாமே? அதுவும் பேராக், அதுவும் தோட்டப் பட்டணம். 1942 ஜனவரி 7 விடியும் முன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சாலையோடு இறங்கி, ஒரு காலைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம்வரை வந்துவிட்டன. 11ஆவது இந்தியப் படைப்பிரிவு சிதறியது. நான்கு நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் விழுந்தது.

ஆத்தோரம்

நல்ல பாடம், ஆனால் 11 வயதுப் பிள்ளைகளுக்குக் களம் அல்ல. அது சாலையோரச் சண்டை, 30 கி.மீ. நீளத்துக்குப் பரந்தது. பஸ்ஸை எங்கே நிறுத்தி எதைக் காட்டுவது? லாரி ஓடுகிற சாலை வேறு. படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு வரைபடத்தோடு என்றால் சரி. பாசிர் சாலாக்கில் எல்லாம் ஒரே வேலிக்குள், ஒரே வளைவில்.

சமையல்கட்டு

மரவீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரூமா குத்தாய் என்பார்கள், பேராக்கின் பழைய மலாய் வீடு. உயரத் தூண், பின்னிய மூங்கில் தட்டிச் சுவர், ஓலைக் கூரை. ஆணி இல்லாமல் முளை அடித்து மரத்தை மரத்தில் சொருகியிருப்பார்கள். ஏறும் முன் காலணியைக் கழற்ற வேண்டும். 32 பிள்ளைகளும் ஒரே இடத்தில் கழற்றினால் திரும்ப எடுக்க இருபது நிமிடம், எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பள்ளிக் காலணி! பத்துப் பத்துப் பேராக ஏற்றி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோணிப்பை கொடுத்து அதில் போடச் சொல்லுங்கள். காலுறையோடு மரப்படியில் ஏறினால் வழுக்கும், காலுறையும் கழற்றட்டும். மழை பெய்து விட்டிருந்தால் கைப்பிடியைப் பிடித்து ஒருவர் பின் ஒருவர்.

பிள்ளைகளிடம் ஏன் தூண்மேல் வீடு என்று கேளுங்கள். ஆறு, வெள்ளம், காற்றோட்டம், அடியில் கோழி. சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும், ஆனால் பின்னலைப் பிய்க்காமல்.

ஊத்தான் மெலிந்தாங் பெ.ஆ.ச.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு நாளை போகிறது. நவம்பரை விட்டுவிட்டோம், ஜூலையில் ஒரு சனிக்கிழமை கேட்கிறோம். பயிற்சித்தாள் ஒரு பக்கம் தயாரிக்கலாமா? எத்தனை கேள்வி?

பழைய ஏடு

நான்கு போதும். ஐந்தாவது கேள்வி போட்டால் பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டே இருக்கும், ஆற்றைப் பார்க்காது.

ஒன்று, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, மிதக்கும் இலையைப் பார்த்து அம்புக்குறி போடு. இரண்டு, நீ அரண் கட்டினால் எந்த இடத்தில் கட்டுவாய், ஏன், படம் வரை. மூன்று, வளாகத்தில் மலாயில் எழுதியிருக்கும் ஐந்து சொல்லை எடுத்துத் தமிழில் எழுது: குபு, செரங்கான், பெங்காலான், தோம்பாக், பெர்ஜாஞ்சியான் கிடைத்தால் நல்லது, அதாவது அரண், தாக்குதல், துறை, ஈட்டி, ஒப்பந்தம். நான்கு, பர்ச்சிடம் ஒரு கேள்வி, மகாராஜா லேலாவிடம் ஒரு கேள்வி எழுது.

நான்காவதைப் பஸ்ஸில் எழுதச் சொல்லாதீர்கள், வளைவான சாலை, தலை சுற்றும். திங்கட்கிழமை வகுப்பில். பென்சில் மட்டும் கொடுங்கள், வியர்வையில் பேனா மை கரையும், அட்டையும் ஆளுக்கு ஒன்று வேண்டும். சீவிய பென்சில் ஐம்பது எடுத்துப் போனால் பத்து ஆற்றுக்குள் போனாலும் கவலையில்லை.